படிக்கும் பழக்கம் யாருடைய கடன்?

மாணவனின் தேர்ச்சி அறிக்கையில் எழுதப்படும் சொற்களுள், எழுதுவதற்கு மிக எளிதானதும் எழுதப்பட்டவன் நெஞ்சில் மிக ஆழமாகப் பதிவதும் 'சோம்பல்' என்னும் சொல்லே ஆகும். 'படிப்பில் ஆர்வம் இல்லை', 'வீட்டில் நூலைத் தொடுவதே இல்லை', 'முயன்றால் முடியும். முயல்வதில்லை' எனப் பல வடிவங்களில் அது வெளிப்படும். ஆசிரியர் அதனைக் கூறுவார், பெற்றோர் அதனை ஏற்பர், சிறுவன் தலைகுனிவான். இம்மூவரும் ஒரு தீர்ப்பில் ஒன்றுபட்டுவிட்டனர் என்பதே அதன் பொருள். படிக்காமை என்பது அச்சிறுவனின் குணக்கேடு. அக்கேட்டுக்கு உரியவன் அவன் ஒருவனே என்பது அத்தீர்ப்பு.

இத்தீர்ப்பு அறத்தின்பாற்பட்டதுதானா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. படிப்புப் பழக்கத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வழிமுறைகளையே பேசுவர்: விடியற்காலையில் எழுக, அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுக, நாள்தோறும் தவறாது படிக்க என்பர். இவை யாவும் நல்லனவே. எனினும் இவ்வறிவுரைகளுக்கெல்லாம் முற்பட்டு நிற்கும் வினா ஒன்று உண்டு. பத்து வயதுப் பிள்ளை ஒன்றிடம் படிப்புப் பழக்கம் இல்லையாயின், அதனை அப்பிள்ளைக்குக் கொடுத்திருக்க வேண்டியவர் யார்? கொடுக்கப்படாத ஒன்றைக் காட்டவில்லை என்று ஒருவரைப் பழிப்பது முறையாகுமா? அன்றியும், கொடுக்க வேண்டியவர்கள் கொடுத்த பின்னர் அப்பிள்ளைக்கெனக் கடன் ஏதும் இல்லையா?

அன்னமும் இல்லிக்குடமும்

தமிழ் மாணவர்க்கு இவ்வினா புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இலக்கணத்துள் நுழையும் முன்பே மாணாக்கர் இலக்கணத்தைக் கூறுகின்றது. தலைமாணாக்கர் அன்னத்தையும் ஆவையும் போன்றவர். இடைமாணாக்கர் மண்ணையும் கிளியையும் போன்றவர். கடைமாணாக்கர் இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றை ஒத்தவர் என்பது அந்நூலின் பொதுப்பாயிரம் வகுக்கும் வகை. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு நீர் வார்த்தாலும் நில்லாது. நெய்யரியோ நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைப் பற்றிக்கொள்ளும்.

இப்பகுப்பைப் பயின்ற ஆசிரியர் பலர் அதனைப் பிறவிக்குணப் பட்டியலாகவே கொள்கின்றனர். அன்னமாகப் பிறந்தவன் அன்னம். எருமையாகப் பிறந்தவன் எருமை. ஆசிரியர் என் செய்வார் என்பது அவர்தம் ஆறுதல். ஆயின், அதே பொதுப்பாயிரம் சற்றுத் தள்ளிப் பாடம் கேட்கும் முறைமையையும் விரித்துரைப்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். உரிய பொழுதில் ஆசிரியரை அடைதல், கேட்டவற்றை மீண்டும் சிந்தித்தல், ஐயம் நீங்க மறுபடியும் கேட்டல், உடன் பயிலும் மாணாக்கரோடு பயிலுதல், வினாதல், வினவியவற்றுக்கு விடை கூறுதல் என அது ஒழுங்குபடுத்திக் காட்டுகின்றது. மாணவரின் வகை பிறப்பிலேயே முடிந்துவிட்டதாயின், இம்முறைமை யாருக்காகக் கூறப்பட்டது? அன்னத்திற்கு இது வேண்டுவதில்லை. இல்லிக்குடத்திற்கு இதனால் பயனில்லை. முறைமை கூறப்பட்டிருப்பதே, மாணவன் மாறக்கூடியவன் என்பதற்குச் சான்று. ஓட்டையை அடைக்கும் வழிதான் பழக்கம்.

வள்ளுவரும் இவ்விரு பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. ஊழ் என ஓர் அதிகாரம் வகுத்தவரே ஆள்வினையுடைமை எனவும் ஓர் அதிகாரம் வகுத்தார். மனிதனைச் சூழ்ந்து நிற்கும் வலிமைகள் உண்டு என்பதும், அவற்றோடு பொருதும் முயற்சியும் உண்டு என்பதும் ஒரே நூலில் இடம்பெறுகின்றன. ஒரு சிறுவனின் படிப்பைப் பற்றித் தீர்ப்புக் கூறுவோரும் இவ்விரண்டையும் கருதுதல் வேண்டும்.

ஒரே ஊரில் இரு தமிழ்ப் பிள்ளைகள்

சூழ்நிலையின் வலிமையை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தைப்பிங் நகரின் வரலாறே போதும். ஈயத்தால் வளர்ந்த இந்நகர் 1876 முதல் 1937 வரை பேராக் மாநிலத்தின் தலைநகராக விளங்கியது. மலாய் மாநிலங்களின் முதல் இருப்புப்பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து அன்று போர்ட் வெல்ட் எனப்பட்ட துறைமுகத்திற்கு ஓடியது. அரசு அலுவலகங்களும் இரயில் நிலையங்களும் பெருகியபோது எழுத்தர்களும் நிலைய அதிபர்களும் தேவைப்பட்டனர். அவ்வேலைகளுக்கு யாழ்ப்பாணத்துத் தமிழர் பலர் வந்தனர். 1823-இல் தோன்றிய வட்டுக்கோட்டைச் செமினரி முதலாகிய மிஷன் கல்விக்கூடங்கள் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வியை வேரூன்றச் செய்திருந்தன. மாதச் சம்பளமும் அரசுக் குடியிருப்பும் பெற்ற அவர்களின் பிள்ளைகள், 1883-இல் மத்தியப் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னர் பள்ளி எனப் பெயர் கொண்ட ஆங்கிலப்பள்ளி முதலியவற்றில் பயின்றனர்.

அதே காலத்தில், நகரைச் சூழ்ந்த தோட்டங்களுக்குத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து தொழிலாளர் வந்து சேர்ந்தனர். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என 1923-ஆம் ஆண்டின் தொழிற்சட்டம் நிர்வாகங்களைக் கடமைப்படுத்தியது. பள்ளிகள் தோன்றின. ஆயின் பல தோட்டங்களில் ஒரே கொட்டகை, எல்லா வகுப்புகளுக்கும் ஒரே ஆசிரியர் என்பதே நிலை. சிலவிடங்களில் கிராணியோ கங்காணியோ எழுத்தறிவித்தது பற்றியும் வரலாறு கூறுகின்றது. இருள் பிரியுமுன் தாயும் தந்தையும் பெரட்டுக்குச் செல்வர். மூத்த பெண்பிள்ளை இளையவர்களைக் கவனிக்கும். லயத்து வீட்டின் ஓரறையில் சமையலும் உறக்கமும் விருந்தும் சண்டையும் நிகழும். மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றே. அதுவும் சமையலுக்கே முதலில் உரியது. ஆண்டுக்கு ஏறத்தாழ நாலாயிரம் மில்லிமீட்டர் மழை பொழியும் இவ்வட்டாரத்தில், பிற்பகல் மழை தகரக்கூரையில் கொட்டும்போது வாய்விட்டுப் படிக்கும் குரல் படிப்பவன் செவிக்கே எட்டாது.

இரு வகைப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளே. ஒரே மொழியைப் பேசினர். ஒரே மழையில் நனைந்தனர். ஒரு சாராரின் பிள்ளைகள் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் வளர, மறு சாராரின் பிள்ளைகள் பெரும்பாலும் பால்மரத்தடிக்கே திரும்பினர். இதனைப் பிறவிச் சுறுசுறுப்பு என்றும் பிறவிச் சோம்பல் என்றும் விளக்குபவர் கண்ணெதிரே இருப்பதைக் காணாதவராவர். விளக்கு, மேசை, ஆசிரியர், படிப்பின் பயனைத் தம் வாழ்வில் கண்ட பெற்றோர் ஆகிய நான்கும் ஒருபால் இருந்தன, மறுபால் இல்லை. வேறுபட்டது குணமன்று, ஏற்பாடு.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்ட காலம் இது. தகரக்கூரைக்கு மாற்றாக அடுக்குமாடி வீடு. பெரட்டுக்கு மாற்றாகத் தொழிற்சாலையின் இரவுப்பணி. ஆயினும் பழைய வேறுபாடு முற்றும் மறைந்துவிடவில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது அது பட்டப்பகல்போல் வெளிப்பட்டது. தனியறையும் கணினியும் உடைய பிள்ளைக்கு வகுப்பு தொடர்ந்தது. மூன்று உடன்பிறப்புகள் தந்தையின் கைப்பேசி ஒன்றைப் பகிர்ந்துகொண்ட வீட்டிலோ, அவர் வேலை முடிந்து திரும்பிய பின்னரே வகுப்பு தொடங்கிற்று. அன்று வராத வீட்டுப்பாடங்களையெல்லாம் சோம்பல் என்று கணக்கிட்ட ஆசிரியர் எவரேனும் இருப்பின், அவர் கணக்குப் பிழையானது.

பழக்கத்தின் இயல்பு

பழக்கம் என்பது யாது? மனவுறுதியும் பழக்கமும் ஒன்றெனப் பலர் கருதுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. மனவுறுதி ஒவ்வொரு முறையும் செலவாவது. பழக்கமோ அச்செலவை மிச்சப்படுத்துவது. பல் துலக்குவதற்கு எவரும் உறுதி பூணுவதில்லை. 'படிக்கலாமா, வேண்டாமா' என்று மாலைதோறும் தன்னோடு போராடும் மாணவனுக்குப் பழக்கம் இன்னும் வாய்க்கவில்லை. அப்போராட்டம் எழாத மாணவனுக்கே அது வாய்த்துவிட்டது. அமெரிக்க உளநூலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட தம் பெருநூலில் பழக்கத்திற்குத் தனி இயல் வகுத்து இக்கருத்தை வற்புறுத்தினார். அன்றாடச் சிறு செயல்களைப் பழக்கத்திடம் ஒப்படைத்தால்தான் மனம் உயர்ந்த பணிகளுக்கு விடுதலை பெறும் என்பது அவர் கொள்கை.

அப்பழக்கம் எவ்வாறு தோன்றுகின்றது? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறுகின்றது. ஒவ்வொருவரும் ஒரு சிறு செயலை நாள்தோறும் ஒரே சூழலில் செய்து வந்தனர். அச்செயல் தானாகவே நிகழும் நிலையை எட்ட, நடுத்தரமாக 66 நாள்கள் ஆயின. ஆயின் சிலருக்கு 18 நாள்களே போதுமானவை. சிலருக்கு 254 நாள்கள் வரை ஆகும் எனக் கணக்கிடப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பெருங்கேடு விளையவில்லை என்பதும் அறியப்பட்டது.

ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இதில் இரு பாடங்கள் உள்ளன. ஆண்டுத் தொடக்கத்தில் அட்டவணை எழுதிக் கொடுத்து, இரண்டாம் வாரத்தில் 'உன்னால் முடியாது' என்று கைவிடுவது விதையிட்ட மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்ப்பதை ஒக்கும். இது முதற்பாடம். பழக்கம் ஒரே நேரம், ஒரே இடம் என்னும் நிலைத்த சூழலைப் பற்றிப் படரும் கொடி என்பது இரண்டாம் பாடம். கொழுகொம்பை நட வேண்டியவர் யார்? வீட்டின் நேரத்தையும் இடத்தையும் பத்து வயதுப் பிள்ளை ஆள்வதில்லை. தொலைக்காட்சி எப்போது ஒலிக்க வேண்டும், உணவு எப்போது பரிமாறப்பட வேண்டும், விருந்தினர் எங்கே அமர வேண்டும் என்பவற்றை முடிவு செய்பவர் பெரியவரே. ஆகவே பழக்கத்தின் முதற்பாதி பெரியவர் கையில் இருக்கின்றது.

மரம் சீவுதலும் மனம் பயிலுதலும்

பழக்கம் இருந்தால் மட்டும் போதாது. எதனைப் பழகுவது என்பதும் அறிதல் வேண்டும். நாள்தோறும் மூன்று மணி நேரம் நூலை விரித்து வைத்திருந்தும் தேர்வில் தோற்கும் மாணவர் உண்டு. இவர்களைச் சோம்பேறிகள் என்று கூறவும் இயலாது. இவர்களுக்குக் குறைவது முயற்சியன்று, முறை.

தைப்பிங்கில் முதல் இரயில் ஓடிய அதே 1885-இல், எபிங்ஹாஸ் என்னும் செருமானிய அறிஞர் நினைவாற்றலைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு மறக்கின்றோம் என்று அளந்தார். கற்றதன் பயனில் ஒருநாள் கழிந்தபோது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே எஞ்சிற்று. ஆயின் அவர் கண்ட மற்றோர் உண்மையே ஆசிரியர்க்கு மிகவும் வேண்டுவது. ஒரே நாளில் 68 முறை திரும்பத் திரும்பப் படித்துப் பெற்ற பயனை, மூன்று நாள்களுக்குப் பகிர்ந்தபோது 38 முறையிலேயே அவர் பெற்றார். தேர்வுக்கு முதல்நாள் இரவு விழித்துப் படிப்பவன் உழைப்பின் பெரும்பகுதியை வீணாக்குகின்றான் என்பது இதனால் தெளிவு.

இவ்வுண்மையைத் தோட்டத்து மக்கள் வேறொரு துறையில் நன்கு அறிந்திருந்தனர். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்திற்கு 1888-இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொத்திப் புண்படுத்தாமல், வெட்டிய கோட்டையே மீண்டும் மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். மெல்லிய பட்டையளவே ஒருநாள் சீவுவர்; பெரும்பாலும் மறுநாள் அம்மரத்திற்கு ஓய்வளிப்பர்; அதற்கடுத்த நாள் அதே கோட்டில் மீண்டும் சீவுவர். இவ்வாறு செய்தால் மரம் இருபத்தைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் பால் தரும். பேராசை கொண்டு ஆழ வெட்டினால் கத்தி கட்டையைத் தொட்டு மரம் காயப்படும். புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும். பின்னர் அவ்விடத்தில் சீவவும் இயலாது. சிறிதளவு, இடைவிட்டு, அதே இடத்திற்குத் திரும்பி வருதல் என்பதே சீவலின் இலக்கணம். படிப்பின் இலக்கணமும் அதுவே. இருட்டில் எழுந்து இவ்வொழுங்கைப் பல்லாண்டு காத்த பெற்றோரின் பிள்ளைகளைப் பார்த்து, 'இவர்கள் பரம்பரைக்கே ஒழுங்கு வராது' என்று கூறுவது எத்துணைப் பெரிய அநீதி!

முறையைப் பற்றிய மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் ஒரு பாடப்பகுதியை நான்கு வேளை படித்தனர். மற்றொரு குழுவினர் ஒரு வேளை படித்து, பின்னர் நூலை மூடிவிட்டு மூன்று வேளை நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடங்களில் சோதித்தபோது நான்கு வேளை படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களிடம் நூற்றுக்கு 40 பங்கே எஞ்சியிருந்தது. நினைவிலிருந்து எழுதியவர்களிடம் 61 பங்கு எஞ்சியிருந்தது.

தமிழ் மாணவர்க்கு இதுவும் புதியதன்று. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் புலமையின் காற்பங்கே கைவரும். உடன் பயில்வோரோடு பயிலுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய பாதியும் பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே வரும் என்பது நன்னூலின் கணக்கு. கேட்பது கால், கூறுவது பாதி. இன்றைய வகுப்பறையிலோ கேட்பதே முழுமையாகவும் கூறுவது அருகியும் நிற்கின்றது. நூலை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதவும், தோழனுக்கு விளக்கவும், தவறியதை இரண்டு நாள் கழித்து மீண்டும் பார்க்கவும் எந்த மாணவனுக்கும் தானாகத் தெரியாது. 'படி, படி' என்று பன்முறை கூறும் ஆசிரியர், எவ்வாறு படிப்பது என்று ஒருமுறையேனும் செய்து காட்டினாரா என்பது அவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

இரு மறுப்புகள்

இங்குச் சிலர் மறுத்துரைப்பர். வறுமையில் பிறந்து, தெருவிளக்கடியில் படித்து, உயர்ந்தோர் இல்லையா? சூழ்நிலையே எல்லாம் எனின் அவர்கள் எவ்வாறு தோன்றினர்? அத்தகையோர் உண்டு, அவர்கள் போற்றத்தக்கோர். ஆயின் ஆற்றுவெள்ளத்தை நீந்திக் கடந்த ஒருவனைக் காட்டி, பாலம் வேண்டுவதில்லை என்று முடிவு கட்டுவது அறிவுடைமையாகாது. அவனுடைய வீரத்தைப் பாராட்டலாம். அவ்வீரத்தை ஒவ்வொரு குழந்தையிடமும் கட்டணமாகக் கேட்டல் ஆகாது.

மறுப்பு இரண்டாவது இதற்கு எதிர்த்திசையில் வருவது. பொறுப்பு முழுவதும் பெரியவருடையதாயின் பிள்ளைக்கு ஏது பொறுப்பு? 'பாவம், ஏழைவீட்டுப் பிள்ளை; அவனால் இவ்வளவுதான் இயலும்' என்று இரக்கங்கொண்டு வீட்டுப்பாடத்தையும் கேட்காமல் விடும் ஆசிரியர் உண்டு. இவ்விரக்கம் கனிவுபோல் தோன்றினும் கொடுமையே ஆகும். சோம்பேறி என்று இகழ்பவர் பிள்ளையின் சூழ்நிலையை மறுக்கின்றார். பாவம் என்று விட்டுவிடுபவர் பிள்ளையின் ஆற்றலையே மறுக்கின்றார். எதிர்பார்ப்பு என்பது மதிப்பின் மறுபெயர். எதனையும் எதிர்பார்க்காத ஆசிரியர் அப்பிள்ளையை மதிக்கவில்லை.

இவ்விரு தவறுகளுக்கும் இடையே செல்லும் வழியைச் சங்கப்புலவர் பொன்முடியார் காட்டியிருக்கின்றார். புறநானூற்றின் 312-ஆம் பாடல் ஓர் இளைஞன் உருவாவதில் யார் யாருக்கு எக்கடன் என்று வரிசைப்படுத்துகின்றது. பெற்றெடுத்து வளர்ப்பவளாகிய தாய்க்கு ஒரு கடன். அவனைச் சான்றாண்மை உடையவனாக்கும் தந்தைக்கு ஒரு கடன். படைக்கருவி செய்தளிக்கும் கொல்லனுக்கு ஒரு கடன். நன்னெறி வழங்கும் வேந்தனுக்கு ஒரு கடன். இந்நால்வரின் கடன்களும் கூறப்பட்ட பின்னரே, போர்க்களத்தில் இளைஞனுக்குரிய கடன் கூறப்படுகின்றது. போர்க்காலத்துப் பாடல் அது. இன்றைய களம் வேறு. எனினும் அவ்வரிசை மாறாதது. நால்வரின் கடன் முந்தியது. இளைஞனின் கடன் பிந்தியது. பிந்தியது என்பதால் சிறியதன்று. வேலைப் பெற்றுக்கொண்டவன் களத்திற்குச் செல்லாதிருப்பானாயின் அப்பழி அவனுடையதே. வேலே கொடுக்காமல் களத்திற்கு அனுப்பிவிட்டுத் தோல்விக்கு அவனைப் பழித்தால், அப்பழி அனுப்பியவருடையது.

பிறர் பழக்கியதும் தன்னதாவதும்

இன்னும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. பிறர் ஏற்படுத்திய ஒழுங்கில் படிப்பவனுக்கு அப்படிப்பில் என்ன பெருமை? அது கட்டாயம்தானே? கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் ஒழுக்கவியல் நூலில் இவ்வினாவை எடுத்துக்கொண்டு, இலக்கணத்தையே எடுத்துக்காட்டாக்குகின்றார். ஒருவன் பிறர் சொல்லிக் கொடுத்தபடி இலக்கணப் பிழையின்றி எழுதிவிடலாம். தன் அறிவினால், தன்னுள்ளிருந்து எழுதும்போதுதான் அவன் இலக்கணம் வல்லவன் ஆவான். எனவே பிறர் வழிநடத்தத் தொடங்குவது இழுக்கன்று. அங்கேயே நின்றுவிடுவதே இழுக்கு. இளமையில் எவ்வகைப் பழக்கம் தரப்படுகின்றது என்பது மிகப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதும் அவர் கருத்து.

அச்சத்தால் மட்டும் பழக்கப்பட்ட படிப்பு, அச்சம் நீங்கியதும் நின்றுவிடும். ஆறாம் ஆண்டு மாணவர்க்கு 1988 முதல் நடைபெற்ற யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டபோது, 'இனிப் பிள்ளைகள் எதற்காகப் படிப்பார்கள்?' என்று பெற்றோர் பலர் கலங்கினர். அக்கலக்கம் பிள்ளைகளைப் பற்றிய செய்தியன்று. அதுவரை ஊட்டப்பட்ட பழக்கத்தைப் பற்றிய செய்தி. தேர்வு முடிந்த மாலையில் ஒரு மாணவன் எந்நூலையாவது தானே எடுப்பானாயின், அப்பழக்கம் அவனுடையதாகிவிட்டது. எடுக்கவில்லையெனின் அது இன்னும் பிறருடையதே.

பிறர் ஏற்படுத்திய ஒழுங்கு பிள்ளைகளின் உடைமையாக மாறியதற்கு இம்மண்ணிலேயே சான்றுகள் உண்டு. 1950-களில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு வெளியிட்ட மாணவர் மணிமன்ற மலர், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பரவியிருந்த தமிழ் மாணவர்க்கு வாரந்தோறும் படிக்கவும் எழுதவும் ஒரு களத்தை அமைத்தது. அதில் எழுதிப் பழகியோர் பலர் பின்னாளில் எழுத்தாளராயினர். அங்கே மதிப்பெண் இல்லை, தண்டனையும் இல்லை. எழுதியதைப் படிக்க ஒருவர் இருக்கின்றார் என்னும் உறுதியே இருந்தது. பின்னர் 1982-இல் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் தம்பிராஜா நிறுவிய ஸ்ரீ முருகன் கல்வி நிலையம், தமிழ் மாணவரை வாரந்தோறும் ஒன்றுகூட்டி, கூடிப் படிக்கும் ஒழுங்கையும் தன்னம்பிக்கையையும் ஊட்டியது. பத்துமலைக்குக் கல்வி யாத்திரை மேற்கொண்டு மாணவர் உறுதிமொழி ஏற்கும் வழக்கத்தையும் அது உண்டாக்கிற்று. வீட்டில் மேசை இல்லாத பிள்ளைக்குச் சமுதாயமே மேசையாக அமையக்கூடும் என்பதை இவ்விரு முயற்சிகளும் மெய்ப்பித்தன.

கடன்களின் பட்டியல்

ஆகவே கடன்களைப் பகிர்ந்து கூறுதல் இயலும். வீட்டின் கடன், எழுத்தறியாத பெற்றோராலும் ஆற்றக்கூடிய ஒன்றே: நாள்தோறும் ஒரு குறித்த வேளையில் அரைமணி நேர அமைதியைக் காத்தல், அவ்வேளையில் தொலைக்காட்சியை நிறுத்திக் கைப்பேசியை அப்புறப்படுத்தல், 'இன்று என்ன கற்றாய், எனக்குச் சொல்' என்று கேட்டுச் செவிசாய்த்தல். பாடம் விளங்காத தாயும் இதனைச் செய்யலாம். பிள்ளை எடுத்துரைக்கத் தொடங்கும் அப்பொழுதே நன்னூல் கூறும் அரைப்பங்கு நிறைவேறத் தொடங்குகின்றது.

பள்ளியின் கடன், படிக்கும் முறையைப் பாடமாகவே கற்பித்தல். வாரத்திற்கு ஒரு பாடவேளையேனும் நினைவிலிருந்து எழுதுதல், இருவர் இருவராக விளக்கிக்கொள்ளுதல், சென்ற வாரப் பாடத்திற்குத் திரும்புதல் ஆகியவற்றைச் செய்து பழக்கலாம். வீட்டுப்பாடம் திரளாக இருப்பதினும் சிறிதாக, நாள்தோறும், திருத்தப்படுவதாக இருத்தல் நன்று. திருத்தப்படாத வீட்டுப்பாடம் உழைப்பு மதிக்கப்படுவதில்லை என்பதையே மாணவனுக்குக் கற்பிக்கின்றது.

சமுதாயத்தின் கடன், இடம் அளித்தல். திருவிழாவுக்கு மட்டும் திறக்கப்படும் கோயில் மண்டபங்களும், கூட்டத்திற்கு மட்டும் திறக்கப்படும் சங்கக் கட்டடங்களும் மாலை வேளைகளில் விளக்கெரியப் படிப்பகங்களாகத் திறந்திருக்கலாம். பெருஞ்செலவு இதற்கு வேண்டுவதில்லை. பொறுப்பேற்று அமரும் ஒருவர் வேண்டும்.

மாணவனின் கடன் யாது? கொடுக்கப்பட்ட அரைமணியை ஏமாற்றாதிருத்தல். விளங்காததை விளங்கவில்லை என்று கூறும் துணிவு. ஒருநாள் தவறினால் மறுநாள் திரும்பி வருதல். தன்னினும் பின்தங்கிய தோழனுக்கு அறிந்ததைக் கூறுதல். எவர் கூடி எத்துணை ஏற்பாடு செய்தாலும், ஒருவனுக்காக மற்றொருவர் உண்ண இயலாததுபோல், ஒருவனுக்காக மற்றொருவர் கற்கவும் இயலாது. நால்வர் கடன் முடியும் இடத்தில் அவன் கடன் தொடங்குகின்றது. அதிலிருந்து அவனை விடுவிப்பது அவனுக்குச் செய்யும் நன்மையன்று.

முதல் நான்கு கடன்களைத் தீர்க்காத ஒருவருக்கு ஐந்தாம் கடனைக் கேட்கும் உரிமை இல்லை. தீர்த்தவர்க்கோ அதனைக் கேட்கும் உரிமை மட்டுமன்று, கேட்டே தீர வேண்டிய பொறுப்பும் உண்டு. அன்பும் கண்டிப்பும் ஒன்றுக்கொன்று பகை எனக் கருதப்படுவது இவ்வரிசையை மறந்ததனாலேயே ஆகும். கொடுத்துவிட்டுக் கேட்பவரின் கண்டிப்பைப் பிள்ளை அன்பென்றே அறியும். கொடாமல் கேட்பவரின் கண்டிப்பையோ எத்துணை இனிய சொல்லில் கூறினும் அது பழி என்றே அறியும். இவ்விரண்டையும் பிரித்தறியும் நுண்ணறிவில் எந்தப் பிள்ளையும் இல்லிக்குடம் அன்று.